கசப்பை அளக்க ஓர் அரசு அதிகாரி, அதுவும் ஊட்டியில்! தெரியுமா?

ஊட்டி என்றால் நமக்கு ஏரிப் படகு, தொட்டபெட்டா, வர்க்கி, சாக்லேட். போய்வந்ததற்கு அடையாளமாகக் கையில் ஒரு பாட்டில் தைலம். ஆனால் 1866-இல் இதே ஊட்டிக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு வேதியியலரை வரவழைத்து, சம்பளம் கொடுத்து, 'கவர்ன்மென்ட் குயினாலஜிஸ்ட்' என்று பதவியும் கொடுத்து உட்கார வைத்தது மதராஸ் அரசாங்கம். இது தெரியுமா? கலெக்டரைத் தெரியும், தாசில்தாரைத் தெரியும். குயினாலஜிஸ்ட்? மரப்பட்டையில் எவ்வளவு கசப்பு இருக்கிறது என்று அளந்து சொல்வதுதான் அவர் உத்தியோகம்!

பெயர் ஜான் ப்ராட்டன். அவர் அளந்த கசப்புதான் குயினின். நம் தாத்தா பாட்டி 'கொயினா' என்று சொல்லி முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினார்களே, அதே கொயினா. குளிர்காய்ச்சலுக்கு அந்நாளில் உலகம் முழுக்க இருந்த ஒரே உருப்படியான மருந்து அதுதான்.

அது ஊட்டிக்கு எப்படி வந்தது? சின்கோனா மரத்தின் சொந்த ஊர் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. அங்கிருந்து நாற்றையும் விதையையும் கொண்டுவர 1859-இல் புறப்பட்டது கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையிலான குழு. மார்க்கம் தானே கொண்டுவந்த செடிகள் பெரும்பாலும் வழியிலேயே கருகிப்போயின. பிழைத்தவை ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் என்ற தாவரவியலர் ஈக்வடாரின் சிம்பொராசோ மலைச்சரிவில் சேகரித்த 'சிவப்புப் பட்டை' நாற்றுகள். ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து, குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டு 1861-இல் நீலகிரியில் கொண்டுவந்து சேர்த்தார்.

சேர்ந்த இடத்தில் காத்திருந்தவர் மெக்ஐவர். ஊட்டி தாவரவியல் பூங்காவில் நாம் பூச்செடி ஓரமாக நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோமே, அந்தப் பூங்காவை உருவாக்கிய ஸ்காட்லாந்துக்காரர். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பைக்காராவிலும் சின்கோனா காடுகள் எழுந்தன. மெக்ஐவர் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார் பாருங்கள்! பட்டைக்காக மரத்தையே வெட்டினால் மரம் போச்சு. அதனால் தண்டில் நீளநீளமாகச் சில கீற்றுகளை மட்டும் உரித்து எடுத்துவிட்டு, உரித்த இடத்தில் ஈரமான பாசியைச் சுற்றிக் கட்டினார். பாசிக்கு அடியில் புதுப் பட்டை வளர்ந்தது. அந்தப் புதுப் பட்டையில் மருந்துச் சத்து முன்னைவிட அதிகம்!

ஏன் அதிகம்? இங்கேதான் ப்ராட்டன் வருகிறார். பாசி கட்டிய பட்டை, கட்டாத பட்டை, வெயில் பட்ட பட்டை, நிழலில் இருந்த பட்டை, உயரத்தில் வளர்ந்தது, தாழ்வில் வளர்ந்தது என்று ஒன்றுவிடாமல் எடுத்துச் சோதித்தார். வெயில் பட்டால் பட்டையின் மருந்துச் சத்தான ஆல்கலாய்டுகளுக்கு ஆகாது, மூடி வைத்தால் நல்லது என்று பிடித்தார். உயிரோடு நிற்கும் சின்கோனா மரங்களில் செய்த இந்தச் சோதனைகளை எழுதி அனுப்ப, லண்டன் ராயல் சொசைட்டியின் 'பிலசாஃபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ்' இதழ் 1871-இல் வெளியிட்டது. நியூட்டன் எழுதிய இதழ் ஐயா அது! அதில் நம் தொட்டபெட்டாவின் மரப்பட்டை.

இன்னொரு பக்கம், இந்த மருந்துக்காக நடுவட்டத்தில் கைதிகளையும் வேலை வாங்கினார்கள். மலாய்ப் பகுதிகளிலிருந்து மதராஸ் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் சின்கோனாத் தோட்டத்தில் மண் வெட்டினார்கள். அந்தச் சிறைக் கட்டடம் இன்றும் நடுவட்டத்தில் நிற்கிறது. கூடலூர் போகிறவர்கள் இறங்கிப் பார்க்கலாம். விடுதலையான பிறகு சிலர் ஊர் திரும்பாமல் இங்கேயே தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டுக் குடும்பமானார்கள். குயினினைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இந்தக் கைதிகளை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்கிறேன், என்ன செய்ய, இவர்கள் தனிக் கட்டுரைக்கு உரியவர்கள்.

ஊட்டியில் கார்பாலிக் அமிலம் தயாரித்தார்கள், தெரியுமா?

ப்ராட்டனுக்குப் பட்டை மட்டும் போதவில்லை. நீலகிரியின் உயரமான இடங்களில் ஒரு புதர் தானாக வளர்கிறது. இலையைக் கசக்கினால் தசைவலிக்குத் தேய்க்கும் களிம்பின் வாசனை குப்பென்று அடிக்கும். ஊட்டிக் கடைகளில் 'விண்டர்கிரீன் ஆயில்' என்று விற்கிறார்களே, அது இந்த இலையைக் காய்ச்சி எடுப்பதுதான். அந்த எண்ணெயில் ஏறக்குறைய முழுக்க முழுக்க ஒரே ஒரு பொருள்: மெத்தில் சாலிசிலேட்.

அது லிஸ்டர் என்ற மருத்துவர் அறுவைச் சிகிச்சையில் கார்பாலிக் அமிலத்தைப் புகுத்திப் புண்கள் சீழ்பிடிக்காமல் காப்பாற்றிக்கொண்டிருந்த காலம். எல்லா மருத்துவமனைகளும் கார்பாலிக் அமிலம் கேட்டன. அது நிலக்கரித் தாரிலிருந்து கப்பலேறி வரவேண்டும். ப்ராட்டன் யோசித்தார்: மலையில் சும்மா கிடக்கும் புதரிலிருந்தே அதைச் செய்தால் என்ன? மெத்தில் சாலிசிலேட்டை உடைத்தால் சாலிசிலிக் அமிலம். அதைச் சுண்ணாம்போடு சேர்த்துச் சூடேற்றினால் கரியமில வாயு கழன்று ஓட, மிஞ்சுவது கார்பாலிக் அமிலம். செய்தும் காட்டிவிட்டார்! தார் வாடையே இல்லாத சுத்தமான அமிலம். ஆனால் அடக்க விலை கட்டுப்படியாகவில்லை. திட்டம் அங்கேயே நின்றுபோனது. நின்றால் என்ன? இலையில் தொடங்கி இரண்டு படிகளில் இன்னொரு மூலக்கூறுக்கு ஏறிப்போவது என்றால் அது அசல் கரிம வேதியியல். நம் ஊரில் கரிம வேதியியல் துறைகள் முளைப்பதற்கு வெகுகாலம் முன்பே, குளிருக்குக் கணப்பு மூட்டிக்கொண்டு ஊட்டியில் ஒருவர் இதைச் செய்திருக்கிறார்!

(அந்த எண்ணெய் வெளியே தேய்க்க மட்டும்தான். ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே குழந்தையின் உயிருக்கு ஆபத்து. ஆஸ்பிரினின் நெருங்கிய சொந்தம் அது, அதுவும் படுவீரியமான சொந்தம். வாங்கி வந்தால் அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.)

ஒரே சூத்திரம், ஆனால் இரண்டு மருந்து!

சின்கோனாப் பட்டையில் குயினின் மட்டுமா இருக்கிறது? குயினிடின், சின்கோனின், சின்கோனிடின் என்று கூடப்பிறந்தவர்கள் மூவர். குயினின் விலை அதிகம், மற்ற மூன்றும் மலிவு. மலிவானவையும் காய்ச்சலுக்குக் கேட்குமா? 1866 முதல் 1868 வரை இந்தியாவில் சின்கோனா கமிஷன்கள் அமைத்து 3,600 நோயாளிகளுக்கு நான்கையும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கிலும் 98 சதவீதத்துக்கு மேல் குணம்! மருந்தை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் மருத்துவச் சோதனைகளில் உலகின் ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று இது.

இதில் குயினினும் குயினிடினும்தான் வேடிக்கை. இரண்டுக்கும் கார்பன் 20, ஹைட்ரஜன் 24, நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2. அணு எண்ணிக்கையில் ஒன்றுகூட வித்தியாசம் இல்லை. அணுக்கள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கின்றன என்பதில் மட்டும், அதுவும் ஓரிரு இடத்தில், வேறுபாடு. அந்தச் சின்னத் திருப்பத்தால் ஒன்று மலேரியா மருந்தாகப் பேர் வாங்கியது, இன்னொன்று தாறுமாறாக அடிக்கும் இதயத்தைச் சீராக்கும் மருந்தாகவும் ஆனது!

இந்த இடம்-வலம் விளையாட்டை வேதியியலர்கள் விடவில்லை. 2001-இல் ஷார்ப்லஸ் நோபல் பரிசு வாங்கினாரே, அவருடைய புகழ்பெற்ற வினைகளில் ஒன்றில் அணுக்களை 'இந்தப் பக்கம் திரும்பு' என்று அதட்டி நிறுத்துவது எது? குயினின், குயினிடின் இரண்டிலிருந்தும் செய்த பொருள்கள்தான். ஒன்றைப் போட்டால் ஒரு பக்கம், மற்றதைப் போட்டால் மறுபக்கம்!

வீடு தேடி வந்த விதையை விட்டார்கள்!

நீலகிரியில் வளர்ந்த சிவப்புப் பட்டையில் மொத்த ஆல்கலாய்டு நிறைய, ஆனால் குயினின் குறைவு. குயினின் கொழித்த வகை பொலிவியாவில் இருந்தது. மானுவல் இன்க்ரா மமானி என்ற பழங்குடி மனிதர் அந்த மரங்களை அடையாளம் கண்டு விதை சேகரித்து, தன் முதலாளியான சார்லஸ் லெட்ஜரிடம் 1865-இல் கொடுத்தார். பிரிட்டிஷ் அரசாங்கத்திடம் விலைபேசினார்கள். 'எங்களிடம்தான் மரம் இருக்கிறதே' என்று அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். டச்சுக்காரர்கள் ஒரு ராத்தல் விதையை அற்ப விலைக்கு வாங்கி ஜாவாவில் ஊன்றினார்கள். அவ்வளவுதான், உலகக் குயினின் சந்தை பெரும்பாலும் ஜாவாவின் கைக்குப் போய்விட்டது! விதை கடத்திய குற்றத்துக்காக மமானி சிறையில் அடிபட்டு, வெளியே வந்த கொஞ்ச நாளிலேயே செத்தார். மரத்துக்கு வைத்த பெயரோ லெட்ஜருடையது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இப்படி ஜாவாவை மட்டும் நம்பிக் கிடந்ததற்கு 1942-இல் பதில் கிடைத்தது. ஜப்பான் ஜாவாவைப் பிடித்தது. நேச நாடுகளின் படைகள் கொசுக்காட்டில், கையில் குயினின் இல்லை. மரம் வேண்டாம், சோதனைச்சாலையிலேயே செய்ய முடியுமா என்று தவித்தார்கள்.

சாயமும் வந்தது, கூலிங் கிளாஸும் வந்தது!

செய்யும் ஆசை புதிதல்ல. 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் ஈஸ்டர் விடுமுறையில் வீட்டிலேயே குயினின் செய்யக் கிளம்பினான். அவன் போட்டது வெறும் கூட்டல் கணக்கு: இதில் இத்தனை கார்பன், அதில் இத்தனை ஹைட்ரஜன், கூட்டினால் குயினின் சூத்திரம் வந்துவிடுகிறதே! அணுக்கள் எப்படிக் கோத்திருக்கின்றன என்பது அப்போது யாருக்கும் தெரியாது. வந்தது குயினின் அல்ல, சேறு மாதிரி ஒரு வண்டல். வேறொரு பொருளில் அதையே செய்து பார்த்தான், கறுப்பாக ஒன்று படிந்தது. கழுவும்போது ஊதா நிறம் ஓடியது. பட்டுத் துணியில் பிடித்தது, வெளுக்கவில்லை! செயற்கைச் சாயத் தொழிலே அங்கே பிறந்தது. ஆக, நம் வீட்டு ஊதாச் சேலைக்கும் குளிர்காய்ச்சலுக்கும் ஒரு பந்தம் உண்டு.

இன்னொன்று கேளுங்கள். 1852-இல் பிரிஸ்டலில் ஹெரபாத் என்ற மருத்துவரின் மாணவர், குயினின் கொடுத்து வளர்த்த ஒரு நாயின் சிறுநீரில் அயோடினை விட்டார். (ஏன் விட்டார் என்று கேட்காதீர்கள், விஞ்ஞானிகள் அப்படித்தான்.) பளபளவென்று பச்சைப் படிகங்கள்! உருப்பெருக்கியில் பார்த்தால், ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே கிடக்கும் இடம் மட்டும் கன்னங்கரேல். ஒளியை ஒரு திசையில் மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் படிகம் அது. பின்னாளில் எட்வின் லாண்ட் இந்தப் படிகத் தூளைத் தாளில் வரிசையாகப் பதித்து 'போலராய்டு' கம்பெனியைத் தொடங்கினார். கூலிங் கிளாஸுக்கும் கொயினாதான் மூலவர்!

அந்த லாண்டுக்குக் குயினின் தட்டுப்பாடு என்றால் பிழைப்பே போச்சே! அதனால் ராபர்ட் வுட்வர்ட் என்ற இளைஞரின் குயினின் ஆராய்ச்சிக்கு அவர் பணம் கொடுத்தார். 1944-இல் வுட்வர்டும் அவர் சகா டோயரிங்கும், குயினினாக மாற்ற முடியும் என்று பழைய ஜெர்மன் ஆய்வு சொன்ன பொருள்வரை கட்டி முடித்தார்கள். வுட்வர்டுக்கு அப்போது வயது 27. பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. ஆனால் ஒரு போர்வீரனுக்குக்கூட அதில் மாத்திரை கிடைக்கவில்லை, செலவு அப்படி! குயினினின் எல்லா அணுவையும் சரியான பக்கம் நிறுத்தி முழுசாகக் கட்டி முடித்தவர் கில்பர்ட் ஸ்டார்க், 2001-இல்தான். மரம் சத்தமில்லாமல் செய்கிற வேலைக்கு மனிதனுக்கு ஒன்றரை நூற்றாண்டு!

கொயினாவிலிருந்து கோடான் வரை

வுட்வர்ட் நடந்த பாதையில் ஒரு முக்கியமான துண்டை ஏற்கெனவே சரிபார்த்து வைத்திருந்தவர் விளாடிமிர் பிரெலாக். அவர் ஸூரிக்கில் இருந்தபோது 1948-இல் ஒரு பஞ்சாபி இளைஞர் வந்து சேர்ந்தார். ஹர் கோபிந்த் குரானா! பிரெலாகிடம் பழகிய நாள்கள் தன் சிந்தனையையே வடித்தன என்று பிற்பாடு நெகிழ்ந்து எழுதியவர்.

கரிம வேதியியல் கற்ற கையோடு குரானா போனது மரப்பட்டைக்கு அல்ல, மரபுப் பொருளுக்கு. நியூக்ளியோடைடுகளை ஒவ்வொன்றாகக் கோத்து, தனக்கு வேண்டிய வரிசையில் நீளச் சங்கிலி செய்தார். இரண்டு எழுத்து மாறிமாறி வரும் சங்கிலியைச் செல்சாற்றில் போட்டால் இரண்டு அமினோ அமிலம் மாறிமாறி வரும் புரதம் கிடைத்தது. மரபுக் குறியீட்டின் அகராதி (அதன் மூன்றெழுத்துச் சொல்தான் 'கோடான்') அப்படித்தான் பக்கம் பக்கமாகத் திறந்தது. 1968-இல் நிரன்பெர்க், ஹாலி இருவரோடு நோபல் பரிசு. 1976-இல் குரானாவின் குழு, முழுக்கச் சோதனைச்சாலையில் கட்டிய ஒரு ஜீனைப் பாக்டீரியாவுக்குள் வைத்து வேலை செய்யவும் வைத்தது. வேதியியலர் கையால் கோத்த ஜீன் உயிருக்குள் போய் உழைத்தது. என்னைக் கேட்டால், நிலவில் கால் வைத்ததற்கு இது துளியும் குறைந்ததல்ல.

நம்மூர்க்காரர் ஒருவர் இந்தப் பாதையில் இன்னும் வேகமாக ஓடினார். அதற்கும் முன்கதை கொயினாவில்தான் இருக்கிறது! குயினின் கரைசலை வெயிலில் பிடித்தால் மேற்பரப்பில் ஒரு நீல ஒளி மினுங்கும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு கண்ணுக்குத் தெரியும் நீலமாகத் திருப்பிக் கொடுக்கிறது என்று 1852-இல் விளக்கியவர் கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். ஒளிர்தல் பற்றிய ஆய்வுகளில் குயினின் சல்பேட் இன்றைக்கும் அளவுகோல். டானிக் வாட்டர் பாட்டிலை, கள்ளநோட்டு பார்க்கும் விளக்கின் அடியில் வைத்துப் பாருங்கள், நீங்களே ஸ்டோக்ஸ்!

அதே கேம்பிரிட்ஜில் 1997-இல், சென்னையில் பிறந்த வேதியியலர் சங்கர் பாலசுப்ரமணியனும் அவர் சகா டேவிட் கிளனர்மனும் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து பேசியபோது ஒரு யோசனை பிறந்தது. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துக்கும் நான்கு நிற ஒளிர்சாயம் பூசுவது. எழுத்து ஒன்று சேர்ந்ததும் அடுத்தது ஒட்டாதபடி ஒரு பூட்டு. போட்டோ எடு, சாயத்தையும் பூட்டையும் கழற்று, அடுத்த எழுத்து. இதையே கோடிக்கணக்கான துண்டுகளில் ஒரே நேரத்தில் செய்! பூட்டு சரியாகப் பூட்டி, தடயமில்லாமல் கழல வேண்டும். அதுதான் கரிம வேதியியலரின் கைத்திறன். 1998-இல் 'சொலெக்ஸா' கம்பெனி பிறந்தது. முதல் மனித மரபணுத் தொகுதியைப் படிக்க 13 ஆண்டுகளும் நூற்றுக்கணக்கான கோடி டாலர்களும் ஆயின. இந்த முறையில் அது ஒரு நாள் வேலை! கொரோனாவின் புதுப்புது ரகங்களை நாடுநாடாகப் பிடித்துச் சொன்னார்களே, அதில் பெரும்பங்கு இந்த வழியில் வந்த இயந்திரங்கள் படித்ததுதான்.

கல்லட்டி இறக்கத்தில் ஒரு நோபல்காரர்

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதை. 36 கொண்டை ஊசி வளைவு, பிரேக் கருகும் வாசனை. அந்தச் சீகூர்ச் சரிவுக்கு 1897-இல், மலேரியா எப்படிப் பரவுகிறது என்று பார்க்க வந்தவர் ரொனால்ட் ராஸ். வந்தவரையே மலேரியா படுக்கையில் தள்ளியது! ஆனால் சிறகில் புள்ளி போட்ட ஒரு கொசுவை அவர் கவனித்ததும் இங்கேதான். அதே ஆண்டு ஆகஸ்டு 20-இல் செகந்திராபாத்தில் அப்படிப்பட்ட கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-இல் நோபல்.

குயினின் அந்தக் கிருமியை எப்படி மடக்குகிறது? கிருமி நம் சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்னும். தின்றது போக மிஞ்சும் 'ஹீம்' அதற்கே விஷம். அதனால் அதைப் படிகமாக்கி மூலையில் ஒதுக்கிவைக்கும். குயினின் குடும்பம் போய் இந்த ஒதுக்கலைக் கெடுக்கிறது. தன் குப்பையில் தானே செத்துப்போகிறது கிருமி!

கற்பூர மரம் குளிர்வது ஏன்?

தொடக்கத்தில் சொன்ன தைலத்துக்கு வருவோம். வெளியூர்க்காரர்கள் யூகலிப்டஸ் என்பதை நீலகிரிக்காரர்கள் கற்பூர மரம் என்பார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து 1843 வாக்கில் வந்தது. இலையைப் பெரிய அண்டாவில் திணித்து, அடியில் அடுப்பெரித்து, ஆவியைக் குழாய்வழி தண்ணீருக்குள் ஓட்டினால் தைலம் மேலே மிதக்கும். அதில் பிரதானம் சினியோல் என்ற பொருள். தடவினால் ஜில்லென்கிறதே, தோல் நிஜமாகவே குளிர்கிறதா? அதெல்லாம் இல்லை! நரம்பு நுனியில் குளிரை உணரும் ஒரு புரதம் இருக்கிறது. சினியோல் அதன் கதவைத் திறந்துவிட, மூளை 'குளிர் வந்துவிட்டது' என்று ஏமாறுகிறது. புதினாவின் மெந்தாலுக்கும் அதே கதவு. 2002-இல் டேவிட் ஜூலியஸ் குழுவும் மற்றவர்களும் அந்தப் புரதத்தைப் பிடித்தார்கள். வெப்பமும் தொடுகையும் உணரும் வழியைக் கண்டதற்காக 2021-இல் ஜூலியஸுக்கு நோபல்.

அருவங்காட்டு வெடிமருந்தும் மாமாவின் நெஞ்சுவலி மாத்திரையும்

மேட்டுப்பாளையம் மலை ரயில் குன்னூர் தாண்டியதும் அருவங்காடு. 1904-இல் தொடங்கிய கார்டைட் ஃபேக்டரி. கார்டைட் என்றால் நைட்ரோகிளிசரினும் வெடிப்பஞ்சும் வாசலினும் பிசைந்த, புகை குறைந்த வெடிமருந்து. அந்த நைட்ரோகிளிசரின் இருக்கிறதே, அது வெடிமருந்து ஆலைகளில் தொழிலாளிகளுக்குத் தலைவலி கொடுக்கும். லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் மண்டை பிளக்கும், போகப்போகப் பழகிவிடும். ரத்தக்குழாய் விரிவதால் வரும் வலி அது. குழாய் விரிகிறது என்றால் நெஞ்சுவலிக்கு ஆகுமே! 1879-இல் லண்டன் மருத்துவர் மரல் அதையே மருந்தாகக் கொடுத்துக் காட்டினார். டைனமைட் செய்து கோடீஸ்வரரான ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் வைத்தியர்கள் எழுதிக்கொடுத்தது நைட்ரோகிளிசரின்!

நெஞ்சுவலி வந்தால் மாமா நாக்குக்கு அடியில் வைக்கும் அந்தச் சின்ன மாத்திரை உடம்பில் விடுவது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு. இரண்டே அணு. வாகனப் புகையில் வரும் நச்சு வாயு என்று திட்டிக்கொண்டிருந்தோம். நம் ரத்தக்குழாய்ச் சுவரே அதைச் செய்து, பக்கத்துத் தசையிடம் 'தளர்ந்துகொள்' என்று செய்தி சொல்கிறது! இதைக் கண்டதற்கு 1998-இல் மூவருக்குப் பரிசு. யார் பெயரில்? நோபல் பெயரில்!

இரண்டு ஸ்டேஷன் முன்னால் குன்னூரில், 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம். வெறிநாய்க்கடி ஊசிக்கு ஒருகாலத்தில் ஆட்டு மூளை வேண்டியிருந்தது, பின்னால் குரங்குச் சிறுநீரகச் செல்களை வளர்த்து ஊசி செய்யும் முறைக்கு மாறினார்கள். அதே வளாகத்தில் 1918-இல் ஒற்றை அறையில் மெக்காரிசன் என்பவர் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வுதான் வளர்ந்து, இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

நாக்கை ஏமாற்றிய குயினாலஜிஸ்ட்!

எனக்கு ரொம்பப் பிடித்ததைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். ப்ராட்டனுக்குப் பிறகு 1880-களில் ஊட்டிக்குக் குயினாலஜிஸ்டாக வந்தவர் டேவிட் ஹூப்பர். 'பார்மகோகிராஃபியா இண்டிகா' என்ற மூலிகைப் பெருநூலை எழுதிய மூவரில் ஒருவர். இவர் கையில் ஒருநாள் சிறுகுறிஞ்சான் இலை வந்தது. சர்க்கரைக்கொல்லி என்று நம் வைத்தியர்கள் சொல்வார்களே, அதே கொடி.

அந்த இலையை மென்றபின் தேநீர் குடித்த எட்ஜ்வொர்த் என்ற ஆங்கில அதிகாரி, சர்க்கரை போட்டும் இனிக்கவில்லையே என்று திகைத்தார். அந்தச் செய்தி 1847-இலேயே லண்டனுக்குப் போயிருந்தது. ஹூப்பர் அதை முறையாகச் சோதித்தார். இலையை மென்றார். பிறகு சர்க்கரையை நாக்கில் போட்டார். மணலை மெல்வதுபோல் நறநறவென்று இருந்தது, இனிப்பு மட்டும் இல்லை! சரி, நாம்தான் குயினாலஜிஸ்ட் ஆயிற்றே என்று குயினினையே எடுத்து நாக்கில் வைத்தார். உலகத்தின் பேர்போன கசப்பு, சுண்ணாம்புக்கட்டி மாதிரிச் சப்பென்று கிடந்ததாம்! (கசப்பு விஷயத்தில் பின்னால் வந்த சோதனைகள் அவரோடு ஒத்துப்போகவில்லை. இலையே கசப்பு, அதில் நாக்கு பழகிப்போனதுதான் காரணம் என்றார்கள். இனிப்பு விஷயம் மட்டும் அசைக்க முடியாத உண்மை.) இலையிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்து 'ஜிம்னிமிக் அமிலம்' என்று பெயரிட்டு 1887-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார் ஹூப்பர். எழுதிய இடம் ஊட்டி!

அது நாக்கில் என்ன செய்கிறது என்ற விடை வர 2014 ஆனது. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பி இரண்டு புரதங்கள் சேர்ந்தது. ஜிம்னிமிக் அமிலம் எதில் போய் ஒட்டுகிறது? ஜப்பானிய ஆய்வாளர்களுக்கு ஒரு துப்புக் கிடைத்தது. இந்த இலை மனிதனை ஏமாற்றும், சிம்பன்சியை ஏமாற்றும், எலியை ஏமாற்றாது! உடனே மனித ஜீனில் பாதியும் எலி ஜீனில் பாதியுமாக ஒட்டுப்போட்ட ஏற்பிகளைச் செய்து, எந்தத் துண்டு மனிதனுடையதாக இருக்கும்போது இனிப்பு மறைகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். செல்சவ்வுக்குள் புதைந்திருக்கும் ஒரு பகுதி அகப்பட்டது. அங்கே சில அமினோ அமிலங்கள்தான் எலிக்கும் நமக்கும் வேறுபாடு. சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளையச் சர்க்கரையால் நாக்கைக் கழுவினால் இனிப்பு சட்டென்று திரும்பிவிடுவதையும் கண்டார்கள்.

சைக்ளோடெக்ஸ்ட்ரின் நம் வீட்டில் எங்கே இருக்கிறது? அரைமணி, முக்கால் மணி பொறுத்தால் தானாகவே சரியாகிவிடும். நாட்டுமருந்துக் கடையில் காய்ந்த இலையோ பொடியோ கிடைக்கும். சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். மற்றவர்கள் ஒரு சிட்டிகை நாக்கில் புரட்டித் துப்பிவிட்டு, குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஏதாவது கடையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ சொல்லிப் பாருங்கள். கடைக்காரரிடம் மட்டும் 'சர்க்கரையே போடலையே' என்று சண்டைக்குப் போகாதீர்கள்.